முப்பத்தொண்டு கழியட்டும்

"உது கறிக்கோ, பிள்ளை?"

முயல் குட்டி இருந்த பெட்டியை ஹோலில் கொண்டுவந்து வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் வன்னியில் வளர்ந்தவர். அவருக்கு முயல் என்றால் இரவில் டோர்ச் லைட்டோடு போகிற வேட்டை, அடுத்த நாள் மிளகு தூக்கலாக வைக்கிற கறி. என் மகள் உதட்டைப் பிதுக்க, "சும்மா பகிடிக்குச் சொன்னனான் குஞ்சு" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அது போன வருடம் பெப்ரவரி, பள்ளிக்கூட அரைத்தவணை விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை. இப்போது ஈஸ்டர் வருகிறது. இங்கே லண்டனில் கடை முழுக்க முயல் பொம்மையும் முயல் சொக்கலேற்றும். "எனக்கும் ஒரு முயல் வேணும்" என்ற கதை உங்கள் வீட்டிலும் தொடங்கியிருக்கும். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. எட்டு முதல் பன்னிரண்டு வருடம் வரை வாழக்கூடிய உயிர் அது. பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் அதற்குப் புல் போடப்போவது நீங்கள்தான் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்காக, முதல் மாதத்தில் நாங்கள் விட்ட பிழைகளையும் பிறகு திருத்திக்கொண்டதையும் எழுதுகிறேன்.

இரண்டு நாளில் மூன்று பிழை

குட்டிக்கு ஒன்பது கிழமை. நல்ல வெள்ளை. மகள் "புட்டு" என்று பெயர் வைத்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. வாசலிலேயே "என்ரை முறை, என்ரை முறை" என்று இருவருக்கும் சண்டை தொடங்கிவிட்டது. மடி மாறி மடி, கை மாறி கை. படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா குடும்பம், மச்சாள் குடும்பம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பதினொரு பேர் வந்தார்கள். நம்மட வீடுகளில் புதுசாக ஒன்று வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் உண்டா? எல்லோரும் தூக்கினார்கள். எல்லோரும் "என்ன அமைதியான குட்டி, அசையாமல் இருக்கு" என்றார்கள்.

குட்டி பயத்தில் உறைந்துபோயிருந்தது என்பது எங்கள் ஒருவருக்கும் விளங்கவில்லை. முயல் மற்ற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி. நரி பின்னாலிருந்து பாயும், பருந்து மேலிருந்து தூக்கும். தரையிலிருந்து தூக்கப்பட்டால் பிடிபட்டுவிட்டோம் என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். ஓட வழியில்லாத இடத்தில் கண்ணை அகல விரித்து, காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் கிடக்கும். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

கூட்டை வைத்த இடமும் பிழை. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஹோலில், டிவிக்குப் பக்கத்தில், குசினிக் கதவுக்கு நேரே வைத்தோம். குசினிக்குள் பிரஷர் குக்கர் விசில், சம்பலுக்கு அரைக்கிற கிரைண்டர், செத்தல் மிளகாய் தாளிக்கிற புகை. நமக்கே இருமல் வரும். அதன் காதும் மூக்கும் நம்முடையதைவிடக் கூர்மை.

மூன்றாவது பிழை முழுக்க என்னுடையது. குட்டியை வளர்த்துத் தந்தவர், தான் கொடுத்துவந்த பெல்லட் உணவில் ஒரு சின்னப் பையும் தந்திருந்தார். பழுப்பு நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான். நான் அதை அலுமாரிக்குள் போட்டுவிட்டு, கடையில் வாங்கிய நிறம் நிறமான கலவையைக் கிண்ணம் நிறைய வைத்தேன். பக்கத்தில் முழுசாக ஒரு கரட். கார்ட்டூனில் எல்லா முயலும் கரட்தானே சாப்பிடுகிறது!

திங்கள் விடிய மகள்தான் கண்டாள். "அம்மா, புட்டு புழுக்கை போடேல்ல." கூட்டில் ஒன்றுகூட இல்லை. வைத்த புல் வைத்தபடி. குட்டி ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணித்தியாலம்

மிருக வைத்தியரிடம் அடித்து, "பின்னேரம் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன். "இப்பவே கொண்டு வாங்கோ" என்ற மாதிரித்தான் பதில் வந்தது.

முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பயம், வலி, திடீர் உணவு மாற்றம், நார்ச்சத்துக் குறைவு என்று இவற்றில் எதனாலும் அது மெதுவாகி நின்றுபோகலாம். நின்றால் வாயு சேர்ந்து வலிக்கும். வலித்தால் இன்னும் சாப்பிடாது. முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. அதோடு, பலவீனத்தைக் காட்டினால் பிடிபட்டுவிடும் என்பதால் முயல் நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கும். பன்னிரண்டு மணித்தியாலம் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. சின்னக் குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

வலிக்கு ஊசி போட்டார்கள். குடலை அசைக்க மருந்து கொடுத்தார்கள். கரைத்த உணவை சிரிஞ்சால் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். மகள் அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது கேட்டாள்:

"நான் கனக்கக் கொஞ்சினதாலயா அம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவள் நாளைக்கும் கொஞ்சப் போகிறவள். "உன்னால மட்டும் இல்லை, எங்கள் எல்லாராலயும். சாப்பாட்டை மாத்தினது நான்" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செவ்வாய் பின்னேரம் புட்டு திரும்பி வந்தது. பெட்டிக்குள் ஆறேழு புழுக்கை. புழுக்கையைக் கண்டு எனக்குக் கண்ணீர் வரும் என்று யாராவது முதல் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

அம்மா போட்ட சட்டம்

வட்ஸ்அப்பில் உடனே "பார்க்க வரட்டோ?" என்று செய்திகள். என்ன பதில் போடுவது என்று நான் யோசிக்க, அம்மா கதிரையில் இருந்தபடி சொன்னார்:

"முப்பத்தொண்டு கழியட்டும், பேந்து வரச் சொல்லு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கட ஊர்ச் சைவக் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பார்கள். அது வரைக்கும் வெளியாட்கள் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். பலர் வரவும் மாட்டார்கள். என் மகள் பிறந்தபோது இதை வைத்து அம்மாவோடு பெரிய சண்டை பிடித்திருக்கிறேன். பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று சொல்வது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. அதையே முயலுக்குச் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியாதை. பச்சைப் பிள்ளைக்கும் தாய்க்கும் ஆக்களின்ரை கரைச்சல் இல்லாமல் ஒரு மாசம் கிடைக்கிறது சும்மாவே? உதுவும் பச்சைக் குட்டி. தாயை விட்டுட்டு வந்து நாலு நாள். மணமும் புதுசு, சத்தமும் புதுசு. ஊரிலை ஆடு வாங்கினாலும், வித்தவை என்ன குழை போட்டவை எண்டு கேட்டு அந்தக் குழையைத்தான் முதல் போடுறது. பேந்து மெல்ல மெல்ல மாத்துறது. நீ வந்த அண்டைக்கே கலர் கலரா வைச்சனீ."

எனக்குப் பேச்சு வரவில்லை. மிருக வைத்தியர் தந்துவிட்ட தாளில் இருந்ததும் இதுதான். அமைதியான இடம் கொடுங்கள், பழைய உணவையே போடுங்கள், மாற்றுவதென்றால் ஒன்றிரண்டு கிழமை எடுத்துக் கலந்து கலந்து மாற்றுங்கள். மகள் கலண்டரில் முப்பத்தொரு கட்டம் போட்டாள். உறவினர்களுக்கு அம்மாவே தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னார். முப்பத்தொண்டு என்றதும் ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை!

இடமும் சாப்பாடும்

மேல்மாடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினோம். கடையில் விற்கிற சின்னக் கூடு முயலுக்குப் போதாது. நாங்கள் கம்பித் தடுப்பு வைத்து முதல் நாட்களில் அறையின் ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தோம். பழகப் பழக முழு அறையையும் விட்டோம். வளர்ந்த ஒரு சோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்பது இங்கே பிரித்தானியாவில் முயல் நல அமைப்புகள் சொல்லும் அளவு. ரேடியேட்டருக்குப் பக்கத்திலும் வெயில் நேரே படும் யன்னலுக்குக் கீழேயும் வைக்காதீர்கள். குளிரைவிட வெக்கைதான் அதற்குக் கஷ்டம். தரையில் கிடக்கும் வயர் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும்.

ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி போதும். ஆனால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒரு வாசல் மட்டும் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டோம் என்ற பயம் இருக்கும். உள்ளே போய்விட்டால் கையை விட்டு இழுக்கக்கூடாது. அதை எங்கள் வீட்டில் "புட்டுவின்ரை கோயில்" என்று சொல்லி வைத்தோம். மகன் அதற்கு முன்னால் செருப்புக்கூடப் போட மாட்டான்.

சாப்பாட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். வைக்கோலை வாங்கிவிடாதீர்கள். அது படுக்கைக்கு விரிக்கிற சாமான், அதில் சத்து இல்லை. முயலின் உடம்பளவு புல் ஒவ்வொரு நாளும் வையுங்கள். பெல்லட் அளவாக. நிறக் கலவை வேண்டாம், இனிப்பான துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். தண்ணீருக்குப் பாரமான கிண்ணம் வைத்தால் தட்டி ஊற்றாது. இலைவகையைக் குடல் சீரான பிறகு, ஒரு நேரத்தில் ஒரு வகை, ஓர் இணுக்கு என்று தொடங்குங்கள். நம்மட குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் இருக்கிற மல்லியிலையும் புதினாவும் நல்லது. கரட் இனிப்புக் கூடியது, எப்போதாவது ஒரு சின்னத் துண்டு காணும். வெங்காயம், உள்ளி, லீக்ஸ், அவகாடோ, சொக்கலேற்று கூடவே கூடாது. சமைக்கும்போது கீழே விழுகிற தோலைப் பிள்ளைகள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், கவனம்.

முயல் தன் மலத்தையே தின்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள். பயப்பட வேண்டாம். அது மென்மையான வேறொரு வகை. முதல் தரம் சமிபாடடையாத சத்தை இரண்டாம் தரம் எடுத்துக்கொள்கிறது. மற்ற வட்டப் புழுக்கைகளுக்கு, அது எந்த மூலையைத் தெரிவு செய்கிறதோ அந்த மூலையில் ஒரு தட்டு வையுங்கள். தட்டின் ஒரு பக்கத்தில் புல்லும் வைத்தால் தின்றுகொண்டே போகும். புல் நிரப்புவது எங்கள் வீட்டில் மகனின் வேலை.

தரையில் இருந்த மகள்

கஷ்டமான சட்டம் ஒன்றே ஒன்று: தூக்கக்கூடாது. முயல் உதறும்போது பிழையாகப் பிடித்திருந்தால் முதுகெலும்பே முறிந்துவிடலாம். வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய நேரத்தில் பெரியவர்கள் மட்டும், ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பகுதியைத் தாங்கி, உடம்போடு அணைத்துத் தூக்கலாம். காதில் பிடித்து ஒருபோதும் தூக்காதீர்கள்.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றாள் மகள். தரையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியவும் பின்னேரமும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, இருபது நிமிடம், கையை நீட்டாமல், பார்த்துக்கொண்டே இருக்காமல், சும்மா இருக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் "அதுக்கு என்னைப் பிடிக்கேல்ல" என்று கண் கலங்கினாள். குரலுக்குப் பழகட்டும், எதையாவது மெல்ல வாசி என்றேன். அவள் கையில் அகப்பட்டது தமிழ்ப் பள்ளிப் புத்தகம்.

இதை வாசிக்கிற பல பேருக்கு அந்தப் புத்தகச் சண்டை தெரியும். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுப்பாடம், ல, ள, ழ, நான் திருத்த, அவள் புத்தகத்தை மூடிவைக்க. அந்த அறையில் என்னால் திருத்த முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் புட்டு பெட்டிக்குள் ஓடிவிடும். "பல்லிக்கூடம்" என்று வாசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எழுத்துக்கூட்டி, விட்டு, திரும்பவும் எடுத்து, தன்பாட்டில் வாசித்துக்கொண்டு போனாள். முயல் அவள் உச்சரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் பெட்டியிலிருந்து தலை வெளியே வந்தது. ஒன்பதாம் நாள் அவள் கால் விரலை மோந்துவிட்டு ஓடியது. பதினோராம் நாள் கீழே கிரைண்டர் சத்தம் கேட்டு, பின்னங்காலால் தரையில் டம் என்று ஓங்கி அடித்தது. ஆபத்து என்று மற்ற முயல்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. அன்றைக்கு எல்லாம் வெளியே வரவில்லை. பதின்மூன்றாம் நாள் புத்தகத்தின் மூலையைக் கடித்துத் தின்றுவிட்டது. தமிழ்ப் பள்ளி ரீச்சருக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

பத்தொன்பதாம் நாள் மல்லியிலையை அவள் கையிலிருந்தே வாங்கியது. முயலுக்கு மூக்குக்கு நேர் முன்னால் கண் தெரியாது, அதனால் கையைப் பக்கவாட்டில், தாழ்வாக நீட்டச் சொல்லிக் கொடுத்திருந்தோம். பிறகு நெற்றியில் ஒரு விரலால் மெல்லத் தடவினாள். அது தலையைத் தரையோடு தாழ்த்தி, பல்லை மெதுவாக அரைத்தது. அப்படி மெல்லிய சத்தம் என்றால் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைய திங்கட்கிழமை கேட்ட நறநறப்பு வலி. இரண்டுக்கும் வித்தியாசம் இப்போது மகனுக்கே தெரியும். இருபத்திநாலாம் நாள் அறையின் நடுவே ஓடிவந்து காற்றில் துள்ளி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி விழுந்தது. சந்தோஷத்தில் முயல் ஆடுகிற ஆட்டம். மகள் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு

அந்த ஞாயிறு பெரியம்மா வந்தார். மகள் வாசலிலேயே சட்டம் சொன்னாள்: தூக்கக்கூடாது, கையைத் தாழ்வா நீட்டோணும், அது வந்தால் வரும், வராட்டி விட்டுடோணும். பெரியம்மா சிரித்துக்கொண்டு, "ஓமடி என்ரை ராசாத்தி" என்று வழமைபோல அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, "பெரியம்மம்மாக்கு ஒரு கொஞ்சு தா" என்றார். மகள் ஒரு அடி பின்னுக்குப் போனாள்.

"எனக்கும் அதே சட்டம்தான்" என்றாள்.

ஹோலில் ஒரு நிமிடம் சத்தமில்லை. பெரியம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "மரியாதையில்லாமல் கதைக்காதை" என்ற வசனம் என் நாக்கு நுனி வரை வந்தது. அதே வசனத்தை அம்மா எனக்குச் சொன்ன நாட்களும், கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் ஓடிய நாட்களும் கூடவே ஞாபகம் வந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்: "விடக்கா. அவள் வருவாள்."

பெரியம்மா கொஞ்ச நேரம் கோபமாகத்தான் இருந்தார். தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம், மகள் தானாகப் போய் அவர் பக்கத்தில் இருந்துகொண்டு, போனில் புட்டுவின் படங்களைக் காட்டத் தொடங்கினாள். கொஞ்சு கொடுத்தாளா என்றால், இல்லை. போகும்போது கை அசைத்தாள். பெரியம்மா கையைத் தாழ்வாக, பக்கவாட்டில் நீட்டிக் காட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

முடிக்க முன் இன்னும் சில. முயல் கூட்டமாக வாழும் பிராணி. தனியாக வளர்ப்பது நல்லதல்ல என்பதும் எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. புட்டுவுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்து ஆறிய பிறகு, காப்பகத்திலிருந்து ஒரு பழுப்பு முயல் வந்தது, பெயர் "சம்பல்". இரண்டையும் உடனே ஒன்றாக விடாமல், தடுப்புக்கு இரண்டு பக்கமும் வைத்து மெல்லத்தான் பழக்கினோம். நீங்கள் வாங்குவதென்றால் முதலே சோடியாகப் பார்ப்பது நல்லது. பிரித்தானியாவில் மிக்ஸோமட்டோசிஸ், முயல் குருதிப்போக்கு நோய் இரண்டுக்கும் வருடா வருடம் தடுப்பூசி போட வேண்டும். மற்ற நாடுகளில் ஒழுங்கு வேறு, வைத்தியரைக் கேளுங்கள். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே முயலைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பது சட்டப்படி குற்றம். பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லிவிடலாம்!

வாங்குகிற நாளையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். பிறந்தநாள் கொண்டாட்டம், விருந்தினர் வருகிற கிழமை, வெடிச் சத்தம் கேட்கிற தீபாவளிக் காலம் எல்லாம் வேண்டாம். முதல் நாளே ஹோலில் வைத்துக் காட்சிப்படுத்த வேண்டாம். உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

மகளுக்கு ழகரம் இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் இப்போது இரண்டாவது புத்தகம் வாசிக்கிறாள், தரையில் இருந்துதான். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டு, திருத்தாமல் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.